ஆகஸ்ட் 15 அன்று வேலை பார்த்தால் எத்தனை நாள் சம்பளம்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுதந்திர தினத்தன்று ஷிஃப்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போயிருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தபோது அந்த நாளுக்கும் மற்ற நாள் மாதிரி ஒரே ஷிஃப்ட் கூலிதான். "லீவெல்லாம் கவர்மென்ட் ஆளுங்களுக்குத்தான்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். பேப்பரில் வருஷத்துக்கு 24 நாள் பொது விடுமுறை என்று வருகிறதே, அதில் எங்களுக்கு எத்தனை, வேலை செய்தால் எவ்வளவு தர வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வருஷத்துக்கு 9 நாள். அதில் ஒரு நாளில் வேலை வாங்கினால் இரண்டு நாள் சம்பளம், இல்லையென்றால் ஒரு நாள் சம்பளமும் வேறொரு நாளில் சம்பளத்தோடு விடுப்பும். இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள், முதலாளி அல்ல. ஷிஃப்டுக்கு 600 ரூபாய் என்றால் அன்றைக்கு 1,200 வந்திருக்க வேண்டும். பாதிதான் வந்திருக்கிறது.

சூப்பர்வைசர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. பேப்பரில் வரும் அந்தப் பட்டியல் நிஜமாகவே உங்களுக்கானது அல்ல. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கும், 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் வழியாக வங்கிகளுக்கும் உரியது. பெயரே சொல்கிறது: காசோலை, பிராமிசரி நோட்டு சம்பந்தப்பட்ட சட்டம் அது. பணம் கொடுக்க வேண்டிய தேதி விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்பதற்காக அதில் பொது விடுமுறைக்கு ஒரு விளக்கம் வைத்தார்கள். பனியன் தைப்பவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாவட்ட ஆட்சியர் தேர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடும்போது அறிவிப்பின் கடைசியில் 'செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் பொது விடுமுறை அல்ல' என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். வங்கி திறந்திருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த 24-ஐயும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 2025-க்கான பட்டியலில் 24 விடுமுறை. அதில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, மற்றவர்களுக்கு இல்லை. காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாள், அக்டோபர் 2. குடியரசு தினம், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. பக்ரீத்தும் கிருஷ்ண ஜெயந்தியும் சனிக்கிழமை. ஆக, சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக உள்ள அலுவலகத்தில் அந்த வருஷம் பண்டிகையால் நின்ற வேலை நாட்கள் 17. டீக்கடையில் அரசு ஊழியரைப் பற்றி நடக்கும் பேச்சில் இந்தக் கழித்தல் கணக்கு வரவே வராது.

சரி, நம் 9-க்கு வருவோம். தனியார் ஆலை, கடை, ஓட்டல், கம்பெனிகளுக்காகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 1958-இல் வந்த தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தேசிய விடுமுறை. இவற்றை மாற்ற முடியாது. இவை போக 5 பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பதைத் தொழிலாளரையும் நிர்வாகத்தையும் கலந்துகொண்டு, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் நிர்வாகம் ஒரு பட்டியல் போட்டு அனுப்புகிறது, அதுவே நிலைத்துவிடுகிறது.

இந்தப் பட்டியல் போடும் வேலையை நான் செய்திருக்கிறேன். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸில், அதாவது வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கும் இடத்தில், 19 வருஷம் இருந்தேன். டிசம்பர் கடைசியில் உட்காருவோம். பொங்கல், மாட்டுப் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஐந்தும் பேச ஆரம்பிக்கும் முன்பே நிரம்பிவிடும். ஆயுத பூஜையை மட்டும் யாரும் தொட முடியாது. மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி கடலைப் பொட்டலம் வாங்காமல் அந்த வருஷம் நகராது. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடமே இருக்காது. எங்கள் ஆலையில் அந்தத் தொழிலாளர்கள் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்துத் தங்கள் பண்டிகைக்கு மாற்றிக்கொள்வார்கள், அதற்குத் தனியாக ஒரு தாளில் கையெழுத்து. இப்போது வடக்கிலிருந்து வந்தவர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து ஐந்துதான்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடுப்பு உண்டு. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகச் சட்டம். அங்கே தேசிய விடுமுறையோடு நவம்பர் 1-ஐயும் சேர்த்து மொத்தம் 10. ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பேரில் ஒருவருக்கு நவம்பர் 1 லீவு, இன்னொருவருக்கு முதல் ஷிஃப்ட்.

மே 1 எப்படி உள்ளே வந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில்தான், 1923-இல். ம. சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறக் கடற்கரையிலும் கூட்டம் போட்டார். அந்த நாளை விடுமுறையாக்க வேண்டும் என்பது அன்றைக்கே வைத்த கோரிக்கை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பல வருஷம் கழித்துத்தான் அது கிடைத்தது.

இப்போது சம்பளக் கணக்கு. மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், இந்த நாட்களுக்குச் சிவப்பு மையில் என்.ஹெச்., எஃப்.ஹெச். என்று போடுவோம். தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை. அந்தக் கட்டத்துக்கு ஆள் வராமலேயே ஒரு நாள் சம்பளம் விழ வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது கண்ணில் படாது, மாதம் முழுக்கச் சேர்த்து வாங்கிவிடுகிறார். தினக்கூலிக்காரருக்குத்தான் இது உயிர். விடுமுறை என்று கம்பெனியைப் பூட்டிவிட்டு அன்றைய கூலியையும் கொடுக்காவிட்டால், அது லீவு இல்லை, ஒரு நாள் வேலை மறுப்பு. நம் ஊரில் பல கம்பெனிகளில் நடப்பது இதுதான். தீபாவளிக்கு நாலு நாள் பூட்டுவார்கள், அந்த வாரச் சம்பளம் பாதியாக வரும். போனஸ் கையில் இருப்பதால் அப்போது யாரும் கேட்பதில்லை. பத்து நாள் கழித்து வீட்டு வாடகை கொடுக்கும்போதுதான் தெரியும்.

வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்பதில் மாதச் சம்பளக்காரர்கள் குழம்புவார்கள். 13,000 ரூபாய் மாதச் சம்பளம் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. விடுமுறைக்கான 500 ஏற்கெனவே 13,000-க்குள் இருக்கிறது. ஆகவே வேலை செய்ததற்கு மேற்கொண்டு 500 வர வேண்டும், அந்த மாதம் 13,500. மேற்கொண்டு இரண்டு நாள் தர வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. சங்கம் பலமாக இருக்கும் இடங்களில் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு அதை வாங்கலாம், தடையில்லை. ஆனால் சட்டம் தரும் அடிமட்டம் மொத்தத்தில் இரண்டு நாள்.

26-ஆல்தான் வகுக்க வேண்டுமா, 30-ஆல் வகுத்து 433 ரூபாய் தருகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். வருஷத்தில் 365 நாள், அதில் 52 ஞாயிறு போனால் 313, பன்னிரண்டால் வகுத்தால் 26 சொச்சம். மாதச் சம்பளம் என்பது இந்த 26 நாள் உழைப்புக்கான கூலி. பணிக்கொடை விஷயத்தில் இதே சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் 26-தான் சரி என்று முடிந்தது. பிறகு பணிக்கொடைச் சட்டத்திலேயே அதை எழுதிவிட்டார்கள். லீவு போட்டால் பிடிக்கும்போது 26, மேற்கொண்டு கொடுக்கும்போது 30 என்று இரண்டு அளவுகோல் வைத்திருக்கும் கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டில் அதைத்தான் முதலில் தேடுவேன்.

தேசிய விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்? 2025-இல் ஜனவரி 26 அப்படித்தான் விழுந்தது. 2027-இல் ஆகஸ்ட் 15 விழப்போகிறது. சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் திங்கட்கிழமை விடுமுறை, சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு அது கிடையாது. ஆனால் தினக்கூலிக்காரருக்கு ஞாயிறு சம்பளமில்லாத நாள் என்றாலும், தேசிய விடுமுறை ஒவ்வொன்றுக்கும் சம்பளம் உண்டு என்று சட்டம் சொல்வதால், அன்றைக்குக் கூலி தர வேண்டும் என்பதே என் வாசிப்பு. நிர்வாகங்கள் இதை ஒத்துக்கொள்ளாது, "அது வார விடுமுறைதானே" என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அங்கே நடந்த இன்னொன்று இன்னும் மறக்கவில்லை. எங்கள் ஆலையில் மூன்றாவது ஷிஃப்ட் இரவு 12 மணியிலிருந்து காலை 8 வரை. ஒரு ஆகஸ்ட் 15 அன்று காலை எட்டுக்குக் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, முதல் ஷிஃப்டையும் இரண்டாவதையும் நிறுத்தினார்கள். ராத்திரி 12 மணிக்கு மூன்றாவது ஷிஃப்ட் வழக்கம்போல ஓடியது. ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்பவராக இருந்த ஓர் அம்மா மறுவாரம் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். "ஏனுங்க, பதினாலாந் தேதி ராத்திரி வந்தேன், பதினஞ்சு காலைல போனேன். பதினஞ்சு ராத்திரி மறுபடி வந்தேன். எனக்கு எப்பங்க லீவு?"

மஸ்டரைப் புரட்டினேன். 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் செய்த எட்டு மணி நேரத்தை 14-ஆம் தேதிக் கணக்கில் எழுதியிருந்தோம், எப்போதும் அப்படித்தான் எழுதுவோம். அதே கணக்குப்படி பார்த்தால் 15-ஆம் தேதியின் மூன்றாவது ஷிஃப்ட் அன்றிரவு 12-க்குத் தொடங்குவது. அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு மட்டும் "பன்னிரண்டு அடித்துவிட்டது, தேதி 16" என்று காலண்டரைக் காட்டினார்கள். முன்னால் மஸ்டர் தேதி, பின்னால் காலண்டர் தேதி. நடுவில் அந்த அம்மாவின் லீவு காணாமல் போனது. அவர் கட்டத்தில் சிவப்பு மையில் என்.ஹெச். என்று எழுதியிருந்தது என் கையெழுத்தில்தான். வார விடுமுறை விஷயத்தில் தொழிற்சாலைகள் சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருந்தது: நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒரு நாள் விடுமுறை என்பது ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். அதைக் காட்டிப் பேசியதில் அடுத்த வருஷத்திலிருந்து காலை எட்டு முதல் மறுநாள் காலை எட்டு வரை என்று ஆக்கினார்கள். முந்தைய வருஷங்களின் பாக்கியை யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை, அந்த அளவுக்குத் தைரியம் அப்போது இல்லை.

லீவோடு விடுமுறை ஒட்டி வரும்போதும் ஒரு பிடித்தம் நடக்கும். 14-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் லீவு போட்டால் நடுவில் இருக்கும் 15-ஐயும் சேர்த்து மூன்று நாள் கழிப்பார்கள். சாண்ட்விச் லீவு என்று அதற்குப் பெயர். ஐ.டி. கம்பெனிகள் வரைக்கும் இந்தப் பேச்சு இருக்கிறது. ஈட்டிய விடுப்பைப் பொறுத்தவரை தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது: விடுப்பின் நடுவிலோ இரு முனையிலோ வரும் விடுமுறை நாள் விடுப்பில் சேராது. இரண்டு நாள்தான் கழிக்கலாம்.

விடுமுறை நாளை 'வேலை செய்த நாள்' என்று எண்ணலாமா என்பது இதைவிடப் பெரிய விஷயம். வேலையை விட்டு நிறுத்தினால் இழப்பீடு கேட்க, முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். தற்காலிக ஆளை 230, 235 நாளில் நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்துப் புது ஆளாக எடுக்கும் வித்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறையும் பண்டிகையையும் கழித்து எண்ணினால் 240 எட்டாது, சேர்த்து எண்ணினால் தாண்டும் என்று ஒரு வழக்கு 1985-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கியின் ஊழியர் வழக்கு. சம்பளம் கொடுக்கப்பட்ட ஞாயிறும் விடுமுறையும் வேலை செய்த நாட்களே என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். 'சம்பளம் கொடுக்கப்பட்ட' என்பதைக் கவனியுங்கள். தேசிய விடுமுறைக்குக் கூலி தராமல் விடும்போது போவது அந்த 600 ரூபாய் மட்டுமில்லை, 240-இல் ஒரு நாளும் சேர்ந்து போகிறது. அப்புறம் நாளைக்கு எண்ணிக் காட்டச் சொன்னால் கையில் என்ன இருக்கும்? அதனால்தான் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் "எங்களுக்கு இது பொருந்தாது, தைத்தால் காசு, தைக்காவிட்டால் இல்லை" என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். பீஸ் ரேட் என்பது கூலியை அளக்கும் முறை. அதனால் ஒருவர் தொழிலாளி இல்லாமல் போய்விட மாட்டார். கான்ட்ராக்ட் ஆளுக்கும் இதே சட்டம்தான். கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் சம்பளத்துக்கு முதன்மை முதலாளி, அதாவது வேலை நடக்கும் கம்பெனி, பொறுப்பு என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. உண்மையில் வெளியே நிற்பவர்கள் வேறு ஆட்கள்: வயல் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சித்தாள், சுமை தூக்குகிறவர். சட்டத்தில் 'நிறுவனம்' என்று ஒன்று வேண்டும், அவர்களுக்கு அது இல்லை. நூறு நாள் வேலையிலும் வேலை நடந்த நாளுக்குத்தான் கூலி. ஒரு வினோதம் பாருங்கள், நம் மாநிலத்தில் நான்கு தேசிய விடுமுறைகளிலும் கிராம சபை கூடுகிறது. ஆலைக்குப் போகிறவரும் வந்து உட்கார அன்றைக்குத்தான் வழி. அந்த நாளிலும் ஷிஃப்டுக்குக் கூப்பிட்டால் ஊர்க் கணக்கைக் கேட்கும் உரிமையும் சேர்ந்து போகிறது.

தேர்தல் நாள் தனி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவுப்படி வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் சிலர் துணிந்து திறக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

புதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததால் இதெல்லாம் போய்விட்டதா என்றும் சிலர் கேட்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் போன்ற மத்தியச் சட்டங்களின் இடத்தில்தான் அவை வந்திருக்கின்றன. ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் என்று இருந்த தகுதி 180 ஆகியிருக்கிறது. ஆனால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டம். அந்த 9 நாள் அப்படியே இருக்கிறது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. விடுமுறை நாளில் ஆள் வைக்க வேண்டுமானால் முதலாளி முன்கூட்டியே, 24 மணி நேரத்துக்கு முன்பு, எழுத்தில் உங்களுக்கும் ஆய்வாளருக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் ஒட்டினார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு அக்டோபர் 2-க்கும் மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு செய்தி வரும், இத்தனை கடைகள், ஓட்டல்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை என்று. அவர்கள் மாட்டுவது திறந்ததற்காக அல்ல, நோட்டீஸ் இல்லாமல், இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ இல்லாமல் திறந்ததற்காக. புகார் கொடுக்க வேண்டிய இடம், பதிவு பெற்ற தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநர் அலுவலகம், கடை, சிறு நிறுவனம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். பெயர் போடப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள், அல்லது ஏதாவது ஒரு சங்கத்தின் வழியாக மனு கொடுங்கள்.

அதற்கு முன் கம்பெனியிலேயே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், சூப்பர்வைசரிடம் அல்ல, சம்பளம் போடுகிறவரிடம். சண்டையாக வேண்டாம். "பதினைந்தாம் தேதிக்கு டபுளா, மாற்று லீவா?" என்று மட்டும் கேளுங்கள். டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கேள்வி புரியும். மாற்று லீவு என்று சொன்னால் தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் நெருக்கத்தில் அந்தத் தேதி தள்ளிக்கொண்டே போகும்.